கொண்டுபோக வேண்டிய கடதாசிகள்

பலாலி ஓடுபாதையின் மேற்கு ஒதுக்கில்
ஒரு கொள்கலன் பெட்டி. அதுதான் என் கந்தோர்.
மேசையில் செம்மண். எத்தனை தரம் துடைத்தாலும்
பத்து மணிச் சோளகம் திரும்பக் கொண்டுவந்து போடும்.
இழுவை விமானத்தின் ஃபைலில்
பக்கத்துக்குப் பக்கம் என் பெருவிரல்
சிவப்பாய்ப் படிந்திருக்கிறது.

பதிவுச் சான்றிதழ். பறக்கத் தகுதி உண்டென்ற சான்றிதழ்.
காப்புறுதி, வானொலி உரிமம், போடுகிற சத்தத்துக்கும் ஒன்று.
வாலடியில் கொக்கி பூட்டிய நாளிலிருந்து
எடைக்கணக்கும் புதிது:
ஒன்றேமுக்கால் கிலோ,
எந்தத் தராசு, யார் நிறுத்தது, யார் பார்த்து நின்றது.
கைநூலின் கடைசியில் ஏழு பக்கப் பின்னிணைப்பு.
"கடதாசியில இல்லாத கொக்கி பிளேனில இல்லை"
என்பார் விமானி செபமாலை.
சொல்லிவிட்டு அதையே காலால் தட்டியும் பார்ப்பார்.

கயிற்றுக்கும் ஒரு கொப்பி உண்டு.
அதன் நுனியில், வேண்டுமென்றே நலிவாய்ச் செய்த கண்ணி.
எவ்வளவு இழுத்தால் அறவேண்டும் என்று
நிறம் இட்டு, எண் இட்டு, திகதி இட்டு
கையெழுத்து வைக்கிறேன்.
அறாது என்பதற்கல்ல,
நேரத்துக்கு அறும் என்பதற்கு.
விவாகப் பதிவுகாரர் ஒருவரை எனக்குத் தெரியும்.
அவரிடம் இதைச் சொல்லவில்லை.

இன்று பரிசோதகர் ரணவீர கொழும்பிலிருந்து வந்தார்.
சோடா வேண்டாம் என்றார்.
நேரே விமானிக் கூண்டுக்குள் தலையை விட்டார்.
"உள்ளே ஒரு கடதாசியும் இல்லையே, மிஸ்?"

விதிப் புத்தகத்தை விரித்துக் கொடுத்தேன்,
பென்சில் கோடு போட்ட பந்தி:
புறப்பட்ட இடத்துக்கே திரும்பி இறங்கவிருக்கும் விமானம்
தன் ஆவணங்களை நிலத்தில் வைத்துப் போகலாம்.

அவர் இரண்டு தரம் வாசித்துத் தலையாட்டினார்.
மூன்றாம் தரம் நான் வாசித்தேன், சத்தமில்லாமல்.

தொண்ணூற்றைந்து ஐப்பசி. எனக்கு ஒன்பது வயது, நல்ல மழை.
அம்மா முதலில் எடுத்தது அரிசியை அல்ல.
காணி உறுதி, அப்பாவின் மரண அத்தாட்சி,
எங்கள் மூவரின் பிறப்பத்தாட்சி, பங்கீட்டு அட்டை,
எல்லாம் உரப்பையின் உள்பொலித்தீனில் சுற்றி
வயிற்றோடு வைத்துச் சேலையால் இறுக்கினா.
நாவற்குழிப் பாலத்தில் நகர முடியாமல் நின்றபோது
முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே கதை:
"ரெண்டு நாளில திரும்பிடுவம்."
அம்மாவும் அதைத்தான் சொன்னா.
எனக்கு, தங்கச்சிக்கு, யாரென்றே தெரியாத
ஒரு சைக்கிள்காரருக்குக்கூட.

திரும்பி வருகிறவள்
உறுதியை ஏன் கொண்டுபோகிறாள்?
அம்மா இந்தப் புத்தகத்தைக் கண்டதில்லை.
பந்தியைத் தெரிந்திருந்தா.

"அப்ப, கிளைடர்?" என்றார் ரணவீர.
அது இயந்திரம் இல்லாதது.
கயிறு விட்டபின் காற்று ஏந்தினால் மேலே.
ஏந்தாவிட்டால் அச்சுவேலி வெங்காயப் பாத்தி,
தொண்டைமானாற்றுக் கரை,
யாரோ ஒருவரின் பூட்டிய படலைக்கு உள்ளே.
அதன் கடதாசிகள் அதனோடுதான் போகும்.
நிதர்சனாவின் முழங்காலடியில்
சிப் வைத்த நீலப் பை.
ரணவீர அதைத் திறந்து எண்ணினார். சரியாக இருந்தது.

பத்து நாற்பத்தொன்றுக்கு இரண்டும் எழும்பின.
இரண்டாயிரம் அடியில் கொக்கி திறந்தது.
செபமாலை இடப்பக்கம் சரிந்தார், அவள் வலப்பக்கம்.
கயிறு மட்டும் கொஞ்ச நேரம்
எந்தப் பக்கம் என்று தெரியாததுபோல் துடித்துவிட்டு
விமானத்தின் பின்னால் வந்தது.

இழுவை விமானம், இறங்கிய நேரம்: பத்து ஐம்பத்தேழு.
எழுதினேன்.
அடுத்த வரி கிளைடருடையது. அந்தக் கட்டம் வெறுமை.
காற்று பக்கத்தைப் புரட்டப் பார்த்தது.
பஞ்சிங் மெஷினைத் தூக்கி மேலே வைத்தேன்.
கட்டத்துக்குள் செம்மண் விழத் தொடங்கியிருந்தது.
ஊதவில்லை.